அல்லெக்ரோ என்றால் ரெண்டாம் காலம் இல்லை

மேற்கத்திய இசையின் தியரி பரீட்சை நெருங்குகிற சமயத்தில், சென்னையில் கீபோர்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரு ஜெராக்ஸ் காகிதம் சுற்றும். இடது பக்கம் இத்தாலியச் சொல், வலது பக்கம் ஒரு வரியில் ஆங்கில அர்த்தம். பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ஆனால் அதே பிள்ளையைக் கீபோர்டு முன்னால் உட்காரவைத்து "இந்த நாலு பாரை (தாளக் கட்டத்தை) டோல்சேயா வாசி, பார்க்கலாம்" என்று கேட்டால் கை அப்படியே நிற்கிறது. டோல்சே என்றால் இனிமையாக என்று தெரியும், இனிமையாக வாசிக்க விரல் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது.

இது எனக்குப் பொறுக்கவில்லை. பெரம்பூரில் சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி) பாடுகிறேன். இரண்டு இடத்திலும் நான் பார்த்தவரை, இந்தச் சொற்கள் ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது விரலாலும் காதாலும் செய்து பார்த்தவர்களுக்கு அது மறப்பதே இல்லை. அதோடு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி, ஒரு சிக்கல் இரண்டும் உண்டு. நிறைய பேர் கீபோர்டுக்கு வருவதற்கு முன்னாலேயே பாட்டு வகுப்புக்குப் போனவர்கள். காதில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதில் எது இங்கே உதவும், எது குழப்பும் என்பதைப் பிரித்துக் காட்டாமல் ஜெராக்ஸை நீட்டுவதுதான் பிரச்சினை.

வர்ணம் வரைக்கும் பாட்டு கற்ற ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "மிஸ், அண்டான்டே ஒண்ணாம் காலம், அல்லெக்ரோ ரெண்டாம் காலம், பிரெஸ்டோ மூணாம் காலம், சரிதானே?" நல்ல கேள்வி, மூன்றுமே வேகத்தைச் சொல்லும் சொற்கள்தான்: நடக்கிற மாதிரி மிதமாக, விரைவாக, மிக விரைவாக. ஆனால் பதில், இல்லை.

வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடும்போது தாளம் போடுகிற கை மாறுவதில்லை. அதே தட்டு, அதே இடைவெளி, அதற்குள் ஸ்வரங்கள் இரட்டிப்பாக வருகின்றன. மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கு. கணக்கு சுத்தமானது. அல்லெக்ரோவில் அப்படி இல்லை. அங்கே தட்டே வேகமாகிறது. இரட்டிப்பு, நான்கு மடங்கு என்ற விகிதமெல்லாம் கிடையாது. தட்டைச் சீராக அடித்துக் காட்டும் கருவியான மெட்ரோனோமின் பழைய, சாவி கொடுக்கிற மாடல்களின் முகப்பில் அடாஜியோ (மெதுவாக) 66 முதல் 76 வரை, அண்டான்டே 76 முதல் 108 வரை, அல்லெக்ரோ 120 முதல் 168 வரை, பிரெஸ்டோ 168 முதல் 200 வரை என்று நிமிடத்துக்கு இத்தனை தட்டு என அச்சிட்டிருப்பார்கள். எவ்வளவு அகலமான இடைவெளி என்று பாருங்கள். 120-இல் வாசித்தாலும் அல்லெக்ரோ, 160-இல் வாசித்தாலும் அல்லெக்ரோ. புத்தகத்துக்குப் புத்தகம் எண்களும் கொஞ்சம் மாறும்.

இதைப் புரிந்துகொள்ள இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி 1725-இல் பதிப்பித்த 'நான்கு பருவங்கள்' என்ற வயலின் இசைத் தொகுப்பில் 'குளிர்காலம்' என்ற படைப்பின் நடுப்பகுதியைக் கேட்கச் சொல்வேன். மேலே லார்கோ என்று எழுதியிருக்கும், அதாவது நல்ல விசாலமான மெதுவான நடை. தனி வயலின் நீளநீளமாகப் பாடிக்கொண்டிருக்கும். அதன் அடியில் மற்ற வயலின்கள் பிட்சிகாட்டோவில், வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டி, பொடிப்பொடியாக மழைத்துளி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்வரங்கள் வேகம், தட்டு மெதுவு, பெயர் லார்கோ. ஆக, டெம்போ சொல், அதாவது வேகத்தைச் சொல்லும் சொல், தட்டைப் பற்றியது, ஒரு தட்டுக்குள் எத்தனை ஸ்வரம் என்பதைப் பற்றியது இல்லை. அந்தப் பெண் இதைக் கேட்டு முடித்ததும் தானாகவே கையில் தட்டு போட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு இதில் குழப்பமே வரவில்லை.

மெட்ரோனோம் வந்ததே பிற்பாடுதான். மெல்ட்ஸெல் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1815-இல். உள்ளே இருக்கிற இயந்திர யோசனை ஆம்ஸ்டர்டாமில் இருந்த விங்கெல் என்பவருடையது. பீத்தோவன் 1817-இல் தன் சிம்பொனிகளுக்கு எண் போட்டுக் கொடுத்தார். அதற்கு முன்னால் பெரும்பாலும் எண் கிடையாது, சொல்தான். அதனால்தான் அந்தச் சொற்களில் வேகத்தோடு மனநிலையும் கலந்தே இருக்கிறது. அல்லெக்ரோவில் உற்சாகமும் விவாச்சேயில் துள்ளலும் இருக்க வேண்டும். வேகம் சரியாக இருந்தும் முகம் தூங்குகிற மாதிரி ஒரு அல்லெக்ரோவை வாசித்தால் அது பாதி அல்லெக்ரோதான்.

ஏன் இத்தாலியன் என்று பெற்றோர் கேட்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க ஓபரா, சொனாட்டா, வயலின் எல்லாம் இத்தாலியிலிருந்துதான் பரவின. அரண்மனைகளில் இத்தாலிய வித்வான்கள் இருந்தார்கள், அவர்கள் பேச்சே தொழில் பேச்சாக நிலைத்துவிட்டது. ஜெர்மன் பேசிய மோட்ஸார்ட்டும் இத்தாலியனில்தான் குறிப்பு எழுதினார். பிற்பாடு ஷூமன் ஜெர்மனிலும் டெபுஸி பிரெஞ்சிலும் எழுதினார்கள், ஆனால் பொதுவழக்கு மாறவில்லை. அவ்வளவுதான், சரி, மேலே போவோம்.

நோட்டின், அதாவது ஸ்வரத்தின் நீளத்தைக் காட்டும் குறியின், பெயர்களில் வேறு மாதிரி ஒரு குழப்பம். சென்னையில் பிள்ளைகள் எழுதும் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டும் லண்டன் போர்டுகள். அவர்கள் பேசுவது செமிபிரீவ், மினிம், கிராட்செட், குவேவர். நாலு தட்டு, ரெண்டு தட்டு, ஒரு தட்டு, அரைத் தட்டு. ஆனால் பிள்ளைகள் யூடியூபில் பார்க்கிற பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களுடையவை. அங்கே ஹோல் நோட், ஹாஃப் நோட், குவார்ட்டர் நோட், எய்த் நோட். தாளக் கட்டத்துக்கு இங்கே 'பார்' என்று பெயர், அங்கே 'மெஷர்'. பொருள் ஒன்றேதான், பெயர்தான் வேறு. முதல் வகுப்பிலேயே இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பிள்ளை தடுமாறாது.

ஒரு பாரில் எத்தனை தட்டு என்று காட்டும் டைம் சிக்னேச்சரில்தான் நம் காது கைகொடுக்கிறது. 3/4-க்கும் 6/8-க்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிப் புரியவைப்பது கஷ்டம், ஏனென்றால் ஒரு பாரின் நீளம் இரண்டிலும் ஒன்று, ஆறு குவேவர். ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள். 3/4 என்றால் தக தக தக. 6/8 என்றால் தகிட தகிட. ஆறு எழுத்துதான், அழுத்தம் விழுகிற இடம் வேறு. மிருதங்கம் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. 5/4 வந்தால் தக தகிட, கண்டம். இதை ஏன் தியரி வகுப்பில் யாரும் சொல்வதில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஸ்கேல், அதாவது ஸ்வர வரிசை, விஷயத்திலும் அப்படித்தான். மேஜர் ஸ்கேல் என்றால் 29-ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மெலாடிக் மைனரில்தான் பிள்ளைகள் திணறுவார்கள், ஏறும்போது ஒரு மாதிரி இறங்கும்போது ஒரு மாதிரி என்று. கௌரிமனோகரியில் ஏறி நடபைரவியில் இறங்கு என்று சொன்னால் பாட்டுக்காரப் பிள்ளை உடனே பாடிவிடும். பிட்ச் (சுருதி) பெயரும் நம்மிடம் இருக்கிறது. ஒரு கட்டை என்றால் சி. ஒன்றரைக் கட்டை சி ஷார்ப், ரெண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள மிகச் சிறிய தூரம்) எங்கே இருக்கிறது என்பதை இந்த ஒரு விஷயமே சொல்லிவிடுகிறது. வெள்ளைக் கட்டை எல்லாம் ஒரே தூரத்தில் இருப்பதாக நினைக்கிற பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

ஆனால் ஸ்வரம் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. சங்கராபரணத்துக்குக் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, வேண்டும், சி மேஜருக்குக் கமகம் கூடாது. இரண்டுக்கும் நடுவே நின்று அழகாக ஒன்று செய்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர். மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் அவருடைய குடும்பம் இந்தப் பக்கம் இருந்தபோது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இங்கிலீஷ் பேண்டு வாசித்ததைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியவைதான் நோட்டுஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பாடினால் அது பிரிட்டிஷ் அரசகீதத்தின் மெட்டு. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தான் வயலின் கற்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். பாட்டு வகுப்பில் ஒரு நோட்டுஸ்வரம் கற்ற பிள்ளையை அதையே கீபோர்டில் வாசிக்கச் சொல்லுங்கள். அசைக்காமல் நேராக ஒரு ஸ்வரத்தைப் பிடிப்பது எப்படி இருக்கும் என்று அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

எங்கள் கொயரில் மூத்தவர்கள் சிலர் இன்றைக்கும் சோல்ஃபா, அதாவது டோ ரே மி எழுத்துகளில் எழுதிய ஸ்வரம், பார்த்துத்தான் பார்ட்ஸ் (அவரவர் குரல் பகுதி) பிடிப்பார்கள். ஜான் கர்வென் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை அது. அதில் டோ என்பது நம் ஸட்ஜம் மாதிரியே இடம் மாறும், எந்தக் கட்டையில் வைத்தாலும் அதுதான் டோ. டோ ரே மி வரிசையே 11-ஆம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ ஊர் குய்டோ என்ற துறவி ஒரு லத்தீன் துதிப்பாட்டின் அடிகளிலிருந்து முதல் அசைகளை எடுத்து அமைத்தது. அப்போது டோ இல்லை, உட் என்று இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் நம் காது உதவுகிற இடங்கள். உதவாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் ஆசிரியர்கள் நேரம் செலவழிக்க வேண்டும். டைனமிக்ஸ், அதாவது சத்தத்தின் அளவு. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் அச்சிட்ட பெரிய நூலில் கமகங்களுக்குக்கூடத் தனித்தனிக் குறியீடு உண்டு, ஆனால் இந்த இடத்தில் மெல்ல, இந்த இடத்தில் ஓங்கி என்று எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. அது பாடுகிறவர் பொறுப்பு. மேற்கத்திய இசையில் இது காகிதத்திலேயே இருக்கிறது. பியானோ என்றால் மெல்ல, ஃபோர்டே என்றால் ஓங்கி, முன்னால் மெட்ஸோ சேர்ந்தால் மிதமாக. வெனிஸில் ஜியோவன்னி கேப்ரியேலி 1597-இல் ஒரு படைப்பின் தலைப்பிலேயே பியானோவும் ஃபோர்டேயும் வைத்தார், இவை அச்சில் வந்த ஆரம்பகாலத்து உதாரணங்களில் அது ஒன்று. 1893-இல் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி தன் ஆறாவது சிம்பொனியின் முதல் பகுதியில் ஓரிடத்தில் ஆறு 'பி' (பியானோவின் சுருக்கம், கூடக்கூட இன்னும் மெல்ல) போட்டிருக்கிறார். காதுக்குக் கேட்டும் கேட்காமலும்.

இனிமேல்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புவது. வீட்டில் இருக்கிற கீபோர்டில் ஒரு கட்டையை மெல்லத் தொடுங்கள், அப்புறம் ஓங்கி அழுத்துங்கள். இரண்டு தடவையும் ஒரே சத்தம் வந்தால் அந்தக் கீபோர்டில் டச் ரெஸ்பான்ஸ் இல்லை, அல்லது அணைத்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கீபோர்டில் வருஷக்கணக்கில் வாசிக்கிற பிள்ளைக்குப் பியானோ, ஃபோர்டே எல்லாம் வெறும் காகிதச் சொற்கள்தான். அது என்ன செய்தாலும் கருவி பதில் சொல்லாது. பிள்ளைக்கு உணர்ச்சி இல்லை என்று யாராவது சொன்னால் முதலில் கீபோர்டைப் பாருங்கள்.

இதே குறைதான் 300 வருஷங்களுக்கு முன்னால் ஹார்ப்சிகார்டு என்ற பழைய கட்டை வாத்தியத்துக்கும் இருந்தது. அதில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன இறகுத் தண்டு தந்தியைச் சுண்டும். எப்படி அழுத்தினாலும் சுண்டுவது ஒரே மாதிரி, அதனால் சத்தமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஃபிளாரன்ஸில் மெடிச்சி குடும்பத்திடம் வேலை பார்த்த பார்த்தொலோமேயோ கிறிஸ்டோஃபோரி, சுண்டுவதற்குப் பதிலாகச் சின்னச் சுத்தியலால் தந்தியை அடிக்க வைத்தார். அடித்த உடனே சுத்தியல் தானாக விலகிக்கொள்ளவும் வழி செய்தார், இல்லாவிட்டால் தந்தி அதிரவே முடியாது. விரலின் வேகம் சுத்தியலுக்குப் போகிறது, சுத்தியலின் வேகம் சத்தமாகிறது. 1700-இல் எழுதப்பட்ட மெடிச்சி குடும்பத்து வாத்தியப் பட்டியலில் இந்தக் கருவி, பியானோவும் ஃபோர்டேயும் செய்யக்கூடியது என்றே பதிவாகியிருக்கிறது. பெயர் சுருங்கிச் சுருங்கி இன்று பியானோ மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர் செய்தவற்றில் மூன்று இன்னமும் இருக்கின்றன, நியூயார்க், ரோம், லைப்ஸிக் நகரங்களின் அருங்காட்சியகங்களில்.

அதனால் முதல் கீபோர்டு வாங்க அண்ணா சாலைப் பக்கமோ வேறெங்கேயோ போகிறவர்களுக்கு நான் சொல்வது: ரிதம் எத்தனை, டோன் எத்தனை என்று கடைக்காரர் சொல்லும் எண்களை விடுங்கள். டச் ரெஸ்பான்ஸ் இருக்கிறதா, விரலை எடுத்த பிறகும் சத்தத்தை நீட்டும் சஸ்டெயின் பெடல் மாட்ட இடம் இருக்கிறதா, கட்டைகள் 61-க்குக் குறையாமல் இருக்கிறதா, இந்த மூன்றும் போதும். வாங்க வசதி இல்லாவிட்டால் டைனமிக்ஸை ஹார்மோனியத்தில் துருத்தியை வைத்தோ, வாயால் பாடியோ பழகலாம். அது ஒன்றும் குறைவில்லை.

க்ரெசெண்டோவை, அதாவது சத்தம் படிப்படியாக வளர்வதை, நான் இப்படித்தான் சொல்லித் தருவேன். வலது கையில் சி முதல் ஜி வரை ஐந்து ஸ்வரம், ஏறி இறங்க. முதல் ஸ்வரம் பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது, ஜி தெருவுக்குக் கேட்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே ஓங்கிவிடுவார்கள். ஓங்கிவிட்டால் அப்புறம் வளர இடம் எங்கே? க்ரெசெண்டோ என்று எழுதியிருக்கிற இடத்தில் சத்தம் இன்னும் குறைவாகத்தான் இருக்க வேண்டும், அது வளர்ந்து போய்ச் சேருகிற இடம் அடுத்த பாரிலோ அதற்கடுத்த பாரிலோ இருக்கும். இன்னொன்று, சத்தம் ஏறும்போது பிள்ளைகளுக்குத் தெரியாமலே வேகமும் சேர்ந்து ஏறிவிடும், இறங்கும்போது வேகமும் இறங்கிவிடும், அது தவறு. வேகம் கூட வேண்டுமானால் அக்செலராண்டோ என்றும் குறைய வேண்டுமானால் ரிட்டார்டாண்டோ என்றும் தனியாக எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் தட்டு அசையக் கூடாது. இதற்கு மட்டும் மெட்ரோனோமைப் போட்டுவிட்டு வாசிக்கச் சொல்வேன்.

லெகாட்டோவும் ஸ்டக்காட்டோவும் முழுக்க விரல் விஷயம். அடுத்த கட்டை இறங்குகிற கணத்தில்தான் முந்தைய விரல் எழ வேண்டும் என்றால் லெகாட்டோ, தொட்டதும் எழுந்துவிட்டால் ஸ்டக்காட்டோ. காகிதத்தில்தான் சிக்கல். நோட்டின் தலைக்கு மேலோ கீழோ புள்ளி இருந்தால் ஸ்டக்காட்டோ, அதே புள்ளி நோட்டின் வலது பக்கத்தில் இருந்தால் நீளம் ஒன்றரை மடங்கு. ஒன்று சுருக்குகிறது, மற்றது நீட்டுகிறது. வளைகோடும் அப்படியே. ஒரே ஸ்வரம் இரண்டைச் சேர்த்தால் டை, இரண்டாவதை மறுபடி அடிக்கக் கூடாது. வேறு வேறு ஸ்வரங்களைச் சேர்த்தால் ஸ்லர், எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும், ஆனால் விடாமல். பரீட்சைத் தாளில் மதிப்பெண் போவது பெரிய பெரிய இத்தாலியச் சொற்களில் இல்லை, இந்தப் புள்ளியிலும் கோட்டிலும்தான்.

கடைசியாக வழி சொல்லும் சொற்கள். டா காப்போ என்றால் தொடக்கத்துக்குத் திரும்பு, டால் சென்யோ என்றால் அந்தக் குறி போட்ட இடத்துக்குத் திரும்பு, கோடா என்றால் வால்பகுதிக்குத் தாவு, ஃபீனே என்றால் முடி. அனுபல்லவி முடிந்ததும் யாரும் சொல்லாமலே பல்லவிக்குத் திரும்புகிற நமக்கு இது புதிதில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்லித் தர வேண்டும். டா காப்போ போட்டுத் திரும்பி வரும்போது, வேறெதுவும் எழுதியிருக்காவிட்டால், ரிப்பீட் குறிகளை மறுபடி எடுக்காமல் நேராகப் போவதுதான் பொது வழக்கம். அடுத்தது, ஃபீனே பெரும்பாலும் பக்கத்தின் நடுவில்தான் இருக்கும். முதல் தடவை அதைத் தாண்டிப் போகும்போதே பிள்ளைகள் முடியப் போகிறது என்று வேகத்தைக் குறைத்து இழுத்துவிடுவார்கள், பாதி வழியில் வாசிப்பு படுத்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் 2 என்று எழுதிவைத்துவிடுங்கள், இரண்டாவது தடவை வரும்போது மட்டும் நிற்கலாம் என்று.